பிறந்த ஊர் பிலடெல்பியா

ஹைடல்பெர்க்
14-2-1971

சிரஞ்சீவி சேஷாத்ரிக்கு அம்மா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை வைதேகியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டுமென்றுதான் தினம் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். குளிர் இன்னும் விடவில்லை, வைதேகி ஜெர்மன் கட்டுரையில் வகுப்பிலேயே முதலாக வந்தாள், அப்பாவுக்கு லாபரட்டரியில் வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அறுபத்தொன்பது டிசம்பரிலேயே பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் உன் பிறந்த தேதிக்குப் பதினேழாம் நம்பர் விழுந்துவிட்டது, சின்ன நம்பரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், படிப்பு முடிகிற ஜூன் வரைதான் விலக்கு, அப்புறம் பட்டாளத்தில் சேர்த்து வியட்நாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய்.

இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கோபித்துக்கொள்ள எனக்கு யோக்யதை இல்லை, நான் மூன்றரை வருஷமாக மறைத்ததைச் சொல்கிறேன் கேள். நீ அமெரிக்காவில் காலேஜுக்குப் புறப்படும் முன்னால் அப்பா, அந்த தேசம் சண்டையில மாட்டிண்டிருக்கு, இவனுக்கு அமெரிக்கப் பிரஜாவுரிமை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு இந்தியப் பாஸ்போர்ட்ல போகட்டும் என்று சொல்லி, அதற்கு நாள் கேட்டு கன்சுலேட்டுக்குக் கடிதம் எழுதி என்னிடம் தபாலில் போடக் கொடுத்தார். நான் போடவில்லை, கிழித்துக் குப்பையில் போட்டேன். பதிலே வரலையே என்று இரண்டு தரம் கேட்டார், வரும் வரும் என்றேன், அதற்குள் நீ கிளம்பும் நாள் வந்துவிட்டது. எல்லாம் கர்வம்தான். அப்பா பிலடெல்பியாவில் படித்தபோது, நீ வயிற்றில் ஏழு மாதம், அந்தப் பழைய மண்டபத்தைப் பார்க்கப் போனோம். இங்கேதான் அந்நாள் தலைவர்கள் ஒரு கோடைகாலம் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வெளியே ஒரு வார்த்தை போகாமல் சண்டை போட்டுச் சமாதானமாகி, நாலே தாளில் ஒரு தேசத்துக்கு அரசியல் சட்டம் எழுதினார்கள் என்று சுற்றிக்காட்டியவர் சொன்னார். ராஜா கிடையாது, அங்கே பிறந்தவன் எவனும் ஜனாதிபதியாகலாம் என்றதை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டோர்ட்மண்டிலிருந்து கிரிஜா மாமி வரும்போதெல்லாம் என் பிள்ளை ஜனாதிபதிக்கு நிற்கலாமாக்கும் என்று பீற்றிக்கொள்வேன், அவளும் முதல்ல அவன் குடிச்ச டம்ளரை அவனை அலம்பச் சொல்லுடி என்று சிரிப்பாள்.

உன் கடிதம் வந்த மறுநாள் இங்கே அமெரிக்கன் லைப்ரரியில் போய் உட்கார்ந்து அந்தச் சட்டத்தை முழுக்கப் படித்தேன். எல்லாம் ஒருத்தர் கையில் போகக் கூடாதென்று சட்டம் செய்ய ஒரு சபை, நடத்த ஜனாதிபதி, நியாயம் சொல்லக் கோர்ட் என்று பிரித்து, ஒன்றை ஒன்று தட்டிக்கேட்க வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் மூன்றையும் நானே வைத்துக்கொண்டு, தட்டிக்கேட்க வேண்டியவருக்கு விஷயமே தெரியாமல் பார்த்துக்கொண்டேன். சண்டையை அறிவிக்கும் அதிகாரம் சபைக்குத்தான், ஜனாதிபதிக்கு இல்லை என்று போட்டிருக்கிறதே, இந்தச் சண்டையை யார் அறிவித்தார்கள் என்று அப்பாவைக் கேட்டேன். ஒருத்தரும் அறிவிக்கலை என்றார். அப்போதே எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, ஆனால் அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை, மோர் வேண்டுமா என்றால் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

போகமாட்டேன் என்று சொல்லி ஜெயிலுக்குப் போனால் எனக்கு அவமானமாக இருக்குமா என்று கேட்டிருந்தாய். இருக்காது. கனடாவுக்கு ஓடினாலும் இருக்காது. உன் தேசம் உன் தேசம் என்று சொல்லியே வளர்த்தவள் நான், நீ பட்டாளத்துக்குப் போகிறேன் என்றாலும் தடுக்க எனக்கு வாயில்லை. மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன், மன்னித்துவிடு.

எங்கே இருந்தாலும் தீர்க்காயுசாக இரு. பட்டாளத்துக் காகிதம் எது வந்தாலும் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதே, மறக்காதே. என்ன செய்வதென்று மட்டும் என்னைக் கேட்காதே. கேட்டால் இங்கே வந்துவிடு என்றுதான் சொல்வேன், வந்தால் நீ பிறந்த தேசத்துக்குத் திரும்பிப் போக முடியாது என்று தெரிந்தும் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வேதவல்லி