ஒரு மீட்டர், ஒன்பது குடும்பங்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலமாக இருக்கிறேன். முழங்கால் வலிதான் விடவில்லை. தண்ணீர் மீட்டர் பார்ப்பவரோடு நான்கு நாள் தெருத்தெருவாக நடந்தேன். காரணம் கீழே.

திங்கட்கிழமை உங்கள் குடிநீர் வாரியம் நம் ஊரில் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்று போனில் கெஞ்சினாய். "நான் போட்ட தண்ணிக் கட்டணத்தை எங்கம்மாவே எதிர்த்தா ஆபீஸ்ல என்னை யாரும்மா மதிப்பா?" என்றாய். இப்போது சொல்கிறேன்: போவேன். ஆட்சேபணை மனு கொடுத்தாயிற்று. பேச என்னைப் பதினான்காவதாகக் கூப்பிடுவார்கள்.

உன் சங்கடம் எனக்குப் புரியாமலில்லை. நகரம் வளர்ந்துவிட்டது, புதுக் குழாய்கள் போட வேண்டும், பட்ஜெட்டில் விழுந்த துண்டை அடைக்க வேண்டும். வேண்டுமானால் என் வீட்டு வரியை உயர்த்து, முணுமுணுக்காமல் கட்டுகிறேன்.

அதிகத் தண்ணீர் எடுப்பவர் அதிகம் கட்டட்டும் என்று நினைத்தாய். நல்ல எண்ணம்தான். ஆனால் நீ எண்ணியது மீட்டர்களை, ஆட்களை அல்ல. நம் பின்வீட்டில் ஒன்பது குடும்பங்களுக்கு ஒரே மீட்டர். உன் அட்டவணையில் அவர்களுக்கு உச்சக் கட்டணம். தனியாளாகச் செடிகளுக்கும் பாய்ச்சுகிற எனக்கு அடிமட்டக் கட்டணம். பஸ்ஸில் ஒன்பது பேர் ஏறினால் நடத்துநர் ஒன்பது டிக்கெட் கிழிப்பார். நீ ஒன்பது பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டி, பெரிய மூட்டை என்று கூடுதல் சுமைக்கூலி கேட்கிறாய்.

கட்டணம் ஏறினால் குழாயைப் பூட்டிவிடுவேன், காலையில் ஒரு மணி நேரம்தான் திறப்பேன் என்று பின்வீட்டின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அங்கே குடியிருக்கும் தையல்காரம்மா நேற்று வேலியோரம் நின்று, "டீச்சர், உங்க பொண்ணு கண்ணுக்கு எங்க ஒன்பது வீடும் ஒரே யானையாத் தெரியுதா?" என்று கேட்டாள். தலை குனிந்தேன்.

அந்த வீட்டுக்கு ஏறும் பணத்தை நீயே அனுப்புவதாகச் சொன்னாய். வேண்டாம். நான் நடந்து எண்ணியதில் நம் வார்டில் மட்டும் இப்படி அறுபத்திரண்டு வீடுகள். அத்தனைக்கும் உன் சம்பளம் காணுமா?

மீட்டரிலுள்ள அளவைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்துவிட்டுக் கட்டணம் போடு. இதைத்தான் கேட்கப் போகிறேன். மூன்று நிமிடம் தருவார்களாம், இரண்டே போதும்.

ஒரு வேண்டுகோள். அன்று உனக்குப் பதிலாக உதவியாளரை அனுப்பிவிடாதே. நீயே வந்து மேசைக்குப் பின்னால் உட்கார். நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன், சிரித்துவிடாதே. கூட்டம் முடிந்ததும் ஓட்டலுக்குப் போகாமல் வீட்டுக்கு வா. உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருக்கிறேன். யார் பேச்சு எடுபட்டாலும் இரண்டு பேருக்குத்தான் சமைக்கப் போகிறேன்.

நிமிர்ந்தே இரு, கண்ணே.

உன் அம்மா