எஞ்சின் ஓடும்போதே எரிபொருள்

ஜூன் 10, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை. நான் லாரிக்கு எரிபொருள் ஏற்றும் டெர்மினலுக்குப் பத்து நிமிஷம் லேட்.

மகள் பவிக்கு இரண்டு இடத்திலிருந்து மெயில். நாலு வருஷமாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரேஸ் காருக்கு டயர் மாற்றுகிறவள். ஒன்று இங்கிலாந்து, ஃபார்முலா ஒன் டீம், டயர் வேலை. இன்னொன்று அமெரிக்கா, இண்டி கார் ரேஸ் டீம். அங்கே எரிபொருள் நிரப்பும் வேலை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

மனைவி லோகு அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னாதான் கேப்பா. எதுன்னு சொல்லு."

ஜூன் 11, புதன்
பவி போனில் இண்டி பந்தயம் காட்டினாள். கார் நின்றது, ஒருத்தன் ஹோஸைச் சொருகினான். எஞ்சின் சத்தம் அடங்கவில்லை.

"எஞ்சின் ஓடிகினா கீது?"

"ஆமா நைனா. ஆஃப் பண்ணா டைம் பூடும்."

எங்கள் டெர்மினலில் லாரி டிரைவர் சாவியைக் கொடுத்து, நிலைமின்சாரம் தரையில் இறங்க எர்த் கிளிப் மாட்டின பிறகுதான் வால்வைத் தொடுவேன். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். அங்கே ஊற்றுவது எத்தனால் வேறு. எங்களுக்கும் வருகிறது, எனக்குத் தெரியும். பகல் வெயிலில் அதன் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

ஜூன் 12, வியாழன். சாப்பாட்டு நேரம்
ஃபா.ஒன்: பந்தயம் நடுவில் எரிபொருள் நிரப்பத் தடை. கிளம்பும்போது ஊற்றியதுதான். எவன் போட்ட ரூலோ, நன்றாயிருக்கட்டும்.
வளைவுகளில் ஃபா.ஒன் வேகம். வட்ட டிராக்கில் இண்டியை மிஞ்ச ஆளில்லை.
செலவு: ஃபா.ஒன் டீம் ஒவ்வொன்றும் தானே கார் கட்டுகிறது. உச்சவரம்பு போட்டும் தலைசுற்றும் பணம். டயருக்கே இருபது பேர்.
இண்டி: எல்லோருக்கும் ஒரே பாடி. செலவு கம்மி, ஆளும் கம்மி. ஹோஸ் பிடிக்க ஒரே ஆள்.
கரண்டு கார் ரேஸ்: பெட்ரோலே கிடையாது. சனியன், இதற்கு ஏன் இவள் அப்ளிகேஷன் போடவில்லை?

லாரி டிரைவர் ஏழுமலை எட்டிப் பார்த்தான். "இன்னா மாமு, பரீட்சையா?" விஷயம் சொன்னேன். "எஞ்சின் ஓடசொல்லோ ஊத்துவானுங்களா? நம்ம கேட்டாண்ட அப்டி வந்தா செவுள்லயே வுடுவ நீ."

சிரிப்பு வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி
நாலு சொட்டு மழை. ஒரே லாரிக்குக் கிளிப்பை மூன்று தடவை பார்த்தேன். வீட்டில் சாப்பிடும்போது பவி, "இன்னா நைனா, என் கையையே பாத்துகினு கீற?"

"ஒண்ணுமில்ல. ரசம் ஊத்து."

பயம். வேறொன்றுமில்லை.

ஜூன் 14, சனி
லிஸ்டை அவளிடம் கொடுத்து, "இங்கிலாந்துக்கே போம்மா" என்றேன். முழுக்கப் படித்தாள்.

"எல்லாம் கரீட்டு. ஆனா நேத்தே அமெரிக்காக்கு சரின்னுட்டேன்."

லோகு உட்கார்ந்துவிட்டாள்.

"மொதல்ல அவங்களும் டயருக்குத்தான் கூப்ட்டாங்க நைனா. ஹோஸு நானா கேட்டது."

"ஏண்டி?"

"இன்டர்வியூல எரிபொருள பத்தி இன்னா தெரியும்னாங்க. ஆவி, எர்த்து, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்குறது, நீ வூட்ல பேசறதெல்லாம் சொன்னேன். யாராண்ட கத்துக்கினன்னு கேட்டாங்க. எங்க நைனான்னேன்."

போகாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"உள்ள நைலான் துணி போடாத" என்றேன். "தீப்புடிச்சா தோல்ல ஒட்டிக்கும்."

"சரி நைனா."