அப்பா கேட்காமல் விட்டது

மார்ச் 4

மழை வருவதற்குள் ஜன்னல் மாட்டியாக வேண்டும் என்று ஒரு வீட்டுக்காரர் காலையிலிருந்து உயிரை எடுத்தார். கண்ணாடியை நான்தான் அறுத்தேன். அளவு கச்சிதம். தூக்கிக்கொண்டு மாடியேறப் போனால் முதலாளி குறுக்கே வந்து நிற்கிறார். "நீ வேணாம்பா. உனக்கு எதுக்குக் கனம்?" எனக்கு இருபத்திரண்டு வயது. அவருக்கு அறுபது, முழங்கால் வலி வேறு. அவர் தூக்குகிறார், நான் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு போகிறேன். கீமோ முடிந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

வீட்டுக்கு வந்தால் அம்மா போனில் யாரிடமோ, "என் புள்ள புத்துநோயையே ஜெயிச்சவன்" என்கிறாள். என்னத்தை ஜெயித்தேன்? படுத்துக் கிடந்தேன். ஊசி போட்டார்கள். வாந்தி எடுத்தேன். இதில் நான் எங்கே வாள் வீசினேன்?

மார்ச் 6

பக்கத்துப் பெயிண்ட் கடையில் வேலை செய்கிறவளிடம் கடைசியில் சொல்லிவிட்டேன். "இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்றாள். அவளுக்கும் என்னைப் பிடிக்குமாம். சாயங்காலம் வரை தரையில் கால் பாவவில்லை.

கிளம்பும்போது ஒன்று சொன்னாள். "நான் ஒத்தைப் பொண்ணா வளர்ந்தவ. என் வீட்ல நெறைய புள்ளைங்க கத்திக்கிட்டே இருக்கணும்." சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். எனக்குப் பிள்ளை பிறக்குமா? இதுவரை யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மார்ச் 9

ஆஸ்பத்திரி. டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். குழந்தையைப் பற்றிக் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. நர்ஸிடம் பேசச் சொன்னார். நான் வார்டில் கிடந்த காலத்திலிருந்தே தெரிந்தவர்.

"உங்களுக்குப் போட்ட மருந்து விந்தணுவைப் பாதிக்கும். ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம். அப்பவே எடுத்து உறைய வெச்சிருந்தா இந்தக் கவலையே இல்ல. நீங்கதான் வேணாம்னுட்டீங்க."

"எதை வேணாம்னேன்?"

அவர் முகம் மாறிவிட்டது. மெதுவாகத்தான் சொன்னார். "மருந்து ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள் உங்கப்பாகிட்ட எல்லாத்தையும் விளக்கினோம். பையன்கிட்ட நாங்க கேக்கட்டுமான்னோம். நானே கேக்கறேன்னு உள்ள போனாரு. திரும்பி வந்து, கேட்டேன், வேணாம்ங்கறான்னாரு." கொஞ்சம் கழித்து, "நாங்களும் உங்ககிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார்.

கேட்டிருக்கணும். எல்லாரும்தான் கேட்டிருக்கணும். ஒருத்தரும் கேக்கல.

மார்ச் 10

கேட்டேன், வேணாம்ங்கறான் — நாள் முழுக்க மண்டைக்குள் இதேதான். இரண்டு கண்ணாடியைத் தப்பாக அறுத்தேன். முதலாளி திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 11

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அப்பா உள்ளே வந்தார். கட்டில் பக்கத்தில் நின்றார். போர்வையை இழுத்துவிட்டார். "ஃபேன் வேகமா இருக்கா?" என்றார். "ம்" என்றேன். குறைத்தார். சுவிட்சையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். போய்விட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். ஃபேனைப் பற்றி.

இந்த அப்பா யார்? மொத்தச் சந்தையில் காய்கறி ஏலம் விடுகிறவர். கூடைகளுக்கு நடுவே ஏறி நின்றால் தெருமுனை வரைக்கும் காது கிழியும். ஊருக்கெல்லாம் வாய். அழுகல் தக்காளியைக்கூட ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் கேட்காமல் அவர் தள்ளிவிட்டதில்லை. யாராவது வாயைத் திறப்பார்களா என்று கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் முடிப்பார். பெற்ற பிள்ளையிடம் ஒரே ஒரு தரம் கேட்க அந்த வாய்க்கு என்ன வந்தது? என்னை மட்டும் எப்படிக் கேட்காமலே முடித்தார்?

மார்ச் 14

வெடித்துவிட்டது.

மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். சந்தையில் எவனோ தூக்கக் கலக்கத்தில் தலையாட்டி, வேண்டாத வெங்காயத்தை ஏலம் எடுத்த கதையை அப்பா நடித்துக் காட்டினார். அம்மா சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆஸ்பத்திரில நான் வேணாம்னேன்னு சொன்னீங்களாப்பா?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. இத்தனை வருஷமும் மறக்கவில்லை, அப்படித்தானே?

"எப்படிடா கேப்பேன்? பதினேழு வயசு உனக்கு. மீசைகூட ஒழுங்கா மொளைக்கல. உன்கிட்டப் போயி அதை…"

"எதை?"

"அதைத்தான்."

இன்றைக்கும் அந்தச் சொல் வரவில்லை அவருக்கு.

"நீ உசுரோட இருந்தாப் போதும்னு இருந்துச்சுடா. வேற எதுவும் அப்பத் தோணல."

"உசுரோடதான் இருக்கேன். இப்ப சொல்லுங்க."

அம்மாவுக்கும் அப்போதுதான் தெரியும். "என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? நான் கேட்டிருப்பேன். என் புள்ளகிட்ட எனக்கென்ன வெக்கம்?" என்று பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள். அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

நான் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். ஒன்றையும் வாபஸ் வாங்கவும் மாட்டேன்.

மார்ச் 17

டெஸ்ட். ஒரு சின்ன அறை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கையை எப்படிக் கழுவ வேண்டும் என்று ஒரு படம். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. கதவுக்கு ஒரு காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு வந்த வேலையைப் பார்க்க வேண்டும். வெளியே துடைப்பக்காரம்மா போனில் தன் சம்பந்தியைத் திட்டிக்கொண்டிருந்தார், சத்தமாக, விட்டு விட்டு. ஒருவழியாக வெளியே வந்தால் கவுண்டரில் இருந்தவன், "சாம்பிளா? மூடியை நல்லா மூடுங்க" என்கிறான், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.

காது சூடாகிவிட்டது. தெரு திரும்புவதற்குள் ஆறியும்விட்டது. இவ்வளவுதானே? இந்த வெட்கத்துக்கா? பதினேழு வயதில் கூனிக் குறுகியிருப்பேன், வாஸ்தவம். அப்புறம் எழுந்து வெளியே வந்திருப்பேன்.

மார்ச் 25

ஒன்றுகூட இல்லை.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்: "சில பேருக்குப் பல வருஷம் கழிச்சுத் திரும்பி வரும். வராமலும் போகலாம். அடுத்த வருஷம் மறுபடி பாப்போம். அதை நம்பி எதையும் முடிவு பண்ணாதீங்க."

நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மார்ச் 27

பெயிண்ட் கடைக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாக்களுக்கு நடுவே நின்றபடியே கேட்டாள். அழுதாள். "எனக்குக் கொஞ்ச நாள் வேணும். உன்மேல தப்பில்ல. ஆனா யோசிக்காம சரின்னு சொன்னா அது பொய்" என்றாள். அவள்மேல் கோபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

வீட்டில் அப்பாவிடம் நானாகச் சொல்லவில்லை. அம்மா சொல்லியிருப்பாள்.

மார்ச் 30

அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம், ஏலத்துக்குப் போகவில்லை. வயிறெரிகிற எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் இருந்தது. இப்படிப்பட்டவன் நான். இருக்கட்டும்.

ஏப்ரல் 3

மத்தியானம் அப்பா என் அறைக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இத்தனை நாளில் ஆள் வற்றிப்போயிருந்தார்.

"நான் என்னடா செய்யணும்? சொல்லு, செய்யறேன்."

செய்ய என்ன இருக்கிறது? எனக்கு மறுபடியும் தலைக்கு ஏறியது.

"அன்னைக்குக் கேக்காததைக் கேளுங்க."

"இப்பக் கேட்டு என்னடா ஆகப்போகுது?"

"கேளுங்க. எனக்குப் பதினேழு வயசு. நாளைக்கு மருந்து ஆரம்பிக்கறாங்க. கேளுங்கப்பா."

அவரை நெளியவைக்கத்தான் சொன்னேன். வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை. எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன்.

போகவில்லை. தரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நாளைக்குப் போடற மருந்தால பின்னாடி உனக்குக் குழந்தை இல்லாமப் போகலாமாம். அதுக்கு முன்னாடி விந்தை எடுத்துப் பத்திரமா வெச்சிடலாம்ங்கறாங்க. நீ என்ன சொல்ற? வெச்சிடலாமா?"

இவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"வெச்சிடலாம்பா" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். நர்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறவர் மாதிரி எழுந்து வாசற்படி வரைக்கும் நடந்தார். அங்கேயே நின்றார்.