கண்டவன் பிரிக்கக் கூடாத பெட்டி

மதுரை
5.4.86

அன்பு மகள் அன்னக்கொடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், பெங்களூர்க் குளிரில் நீயும் அப்படியே இருக்கக் கள்ளழகர் துணை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உனக்குப் பதவி உயர்ந்திருப்பதை அம்மா மறுபடியும் வாசிக்கச் சொன்னாள், நான் ஒரு தரம் வாசித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டேன், ஏன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். கே.கே. நகர் வீட்டுக்கு மாடிப்படி கட்டியாயிற்று, குழாயில்தான் தண்ணீர் வரக் காணோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார், அதற்கு இவள் "சோத்தைக் குறைச்சா காலுக்குத் தெம்பு எங்கிட்டிருந்து வரும்" என்று அவரிடமே சண்டைக்குப் போய்விட்டாள். தம்பிக்குப் பரீட்சை நெருங்குகிறது, படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாடிப்பட்டி முனியாயியை நீ மறந்திருக்க மாட்டாய். எனக்குச் சித்தப்பா மகள், உனக்கு அத்தை, சின்ன வயதில் உன்னை இடுப்பை விட்டு இறக்காதவள். அவளுடைய ஒரே மகன் மலைச்சாமி மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனதும் உனக்குத் தெரியும். அவளுக்கு எழுத்து தெரியாது, அவனும் எழுத்தில் மட்டம், அதனால் பேச வேண்டியதைக் கேசட்டில் பேசி ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவான். அதைக் கேட்பதற்கென்றே போன ஆவணியில் நம் கடையில் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன் வாங்கினாள். உன் கம்பெனிப் பெட்டிதான். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும், எந்தப் பெட்டியை விற்றாலும் வாங்குகிறவர் கண் முன்னால் பின்மூடியைக் கழற்றி உள்ளே காட்டிவிட்டுத்தான் மூடிக் கொடுப்பேன், மாட்டுத்தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் எவனாவது மாடு வாங்குவானா? உள்ளே இருப்பது அவர்களுக்கு ஒன்றும் புரியாது, எனக்கே முக்கால்வாசி புரியாது, ஆனால் திறந்து காட்டுகிறவன் ஏமாற்ற மாட்டான் என்று ஒரு நம்பிக்கை, கூடையில் பேட்டரி சுமந்து விற்ற நாளிலிருந்து எனக்கு மூலதனம் அதுதான். உன் கம்பெனிப் பெட்டியைத்தான் என்னால் திறக்க முடியவில்லை. திருகாணித் தலையில் கோடு இல்லை, மூன்று கால் வைத்த நட்சத்திரம் மாதிரி ஒரு பள்ளம், என்னிடம் இருக்கிற எந்தத் திருப்புளியும் அதில் உட்காரவில்லை. போதாததற்கு நடு ஆணியின் மேல் வெள்ளிக் காகிதத்தில் ஒரு சீல், அது கிழிந்தால் உத்தரவாதம் கிடையாது. முனியாயி விடுவாளா, "ஏண்ணே, ஊருக்கெல்லாம் தொறந்து காட்டுவீக, எனக்கு மட்டும் மூடிக் குடுக்குறீக" என்று கேட்டாள். இது நம்ம பாப்பா கம்பெனிப் பெட்டி, இதைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

தீபாவளிக்கு நீ வந்தபோது கடையில் இருந்த அதே மாதிரிப் பெட்டி ஒன்றைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இந்த ஆணி எங்கள் பிரிவில் யோசித்தது, அதில் எனக்கும் பங்கு உண்டு என்று சொன்னாய். "இனிமே கண்டவனும் பிரிச்சு மேய முடியாதுப்பா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன், பக்கத்துக் கடைக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தேன். சாப்பாட்டில் கல் கடிபட்ட மாதிரி அந்தச் சொல் மட்டும் எனக்கு நின்றுவிட்டது. கண்டவன் கிணற்றில் இறங்கக் கூடாது, கண்டவன் வாசலில் நிற்கக் கூடாது என்று என் அப்பனைச் சொன்னபோது கேட்டிருக்கிறேன், கடை போட்ட புதிதில் என்னையே சொல்லியும் கேட்டிருக்கிறேன். நம் வீட்டு வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். பிள்ளை விளையாட்டாகச் சொல்கிறது என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் ஒரு நாள் முனியாயி பெட்டியைச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகத்தில் ரத்தமே இல்லை. மகனிடமிருந்து புதுக் கேசட் வந்திருக்கிறது, போட்டிருக்கிறாள், "ஆத்தா நல்லாருக்கியா, ஒரு விசயம் சொல்லணும், பதறாத" என்று சொன்னவுடன் நாடா சுற்றிக்கொண்டு பெட்டி நின்றுவிட்டது. கேசட் வாயும் திறக்கவில்லை. "அண்ணே, பதறாதன்னு சொல்லிட்டு நிப்பாட்டிட்டான்ணே, நான் எப்படிண்ணே பதறாம இருப்பேன்" என்று கடை நடுவில் உட்கார்ந்துவிட்டாள். பழைய பெட்டி என்றால் நான் பின்மூடியைக் கழற்றி, நாடாவை எடுத்துப் பென்சிலில் சுற்றிக் கொடுத்திருப்பேன், அவள் அடுத்த பஸ்ஸுக்குப் போயிருப்பாள். இதை உடைத்தால் உத்தரவாதம் போய்விடும், என் மகள் இருக்கிற இடம் கைவிடாது என்று அவளைத் தேற்றி, பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கட்டி, அவசரம் என்று கொட்டை எழுத்தில் எழுதி மெட்ராஸில் இருக்கும் உங்கள் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். அந்தத் திருப்புளி அங்கே மட்டும்தான் உண்டாமே.

மாசி கடைசியில் பெட்டி திரும்பி வந்தது, தொடக்கூட இல்லை, கேசட் உள்ளேயே கிடக்கிறது. சீல் கிழிந்திருக்கிறது, வெளியாள் யாரோ திறக்க முயன்றிருக்கிறார், விதிப்படி பழுது பார்க்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். யார் கிழித்தது என்று முனியாயியைக் கேட்டேன், விழிக்கிறாள். அப்புறம் தெரிந்தது. ஆயுத பூசைக்குப் பெட்டியை ஈரத்துணியால் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறாள். முன்பக்கம் வைத்தால் மகன் குரல் வருகிற வலையை அடைத்துக்கொள்ளும் என்று பின்பக்கம், நட்ட நடுவில், நெற்றியில் வைக்கிற மாதிரி அந்த வெள்ளிக் காகிதத்தின் மேலேயே வைத்திருக்கிறாள். சந்தனம் காய்ந்து உதிரும்போது காகிதமும் உரிந்துவிட்டது. தாயி, நம் ஊரில் தராசுக்குப் பொட்டு, சைக்கிளுக்குப் பொட்டு, உன் கல்லூரிப் புத்தகத்துக்கே பொட்டு வைத்துத்தான் உன்னை அனுப்பினோம். உங்கள் விதியில் பொட்டு வைத்தவள் திருடி.

அன்றைக்கே அவளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலால் உன் ஆணியைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை உருக்கினேன். தெருவெல்லாம் நாற்றம். கேசட்டை எடுத்து, நாடாவை நீவி, அலமாரியில் கிடந்த பழைய பெட்டியில் போட்டேன். மலைச்சாமி பேசினான். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறானாம், சொன்ன வேலை வேறு, கொடுக்கிற வேலை வேறாம். "மாமாகிட்டச் சொல்லி, என்னைய இங்க அனுப்புன அந்த மதுரை ஏஜெண்டைப் புடிக்கச் சொல்லு ஆத்தா, மாசி முடியிறதுக்குள்ள புடிக்கணும், அவன் ரூமைக் காலி பண்ணப் போறதா இங்க பேசிக்கிறாங்க" என்றான். மாமா என்றது என்னைத்தான். நான் ஓடினேன். ஏஜெண்ட் அறையில் பூட்டு தொங்கியது, பக்கத்து டைலர் சொன்னான், "போன வாரந்தாண்ணே மூட்டையைக் கட்டுனான், நீங்க கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்ல". முந்தி வந்திருக்கலாம். அந்த நாளெல்லாம் பெட்டி உங்கள் மெட்ராஸ் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. கலெக்டரிடம் மனுக் கொடுத்திருக்கிறோம், டெல்லிக்கும் எழுதியிருக்கிறது, இன்று வரை தகவல் இல்லை. அடுத்த கேசட்டும் வரவில்லை.

உங்கள் கம்பெனி விற்பனை ஆள் போன வாரம் வந்து புது மாடல் படத்தைக் காட்டினான். இதிலும் அதே ஆணியா என்று கேட்டேன், அதே ஆணிதான் சார், இன்னும் பலமாக இருக்கும் என்றான். கடை வாசலில் மாட்டியிருந்த உங்கள் கம்பெனி போர்டைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். "உங்க மகளே அங்க பெரிய வேலையில இருக்காங்களே சார்" என்றான், அதனால்தான் பத்திரமாகக் கழற்றித் தருகிறேன், இல்லையென்றால் உடைத்துத் தந்திருப்பேன் என்றேன். கண்டவன் கெடுத்துவிடுவான் என்று பயந்து நீங்கள் ஆணி செய்யவில்லை தாயி, நானும் வியாபாரிதான், எனக்குப் புரியாதா, கெட்டால் உங்களிடமே வரட்டும், இல்லையென்றால் இன்னொன்று வாங்கட்டும், அதுதான் கணக்கு. ஆனால் விற்ற பொருளுக்கு வாங்கியவன்தான் சொந்தக்காரன், அவன் வீட்டுப் பெட்டியை அவனே திறக்கக் கூடாது என்றால் அதற்குப் பேர் விற்பனை இல்லை. வேலையை விடு என்று நான் சொல்லவில்லை, நீ படித்த படிப்புக்கு அது வேண்டும். அந்தத் திருப்புளியை ஒளித்துக் கொண்டு வா என்றும் கேட்க மாட்டேன், உன்னை அப்படி வளர்க்கவில்லை. அடுத்த பெட்டிக்கு ஆணி யோசிக்க உட்காரும்போது வாயைத் திறந்து சொல், அதைத்தான் கேட்கிறேன். நீ சொன்னால் கேட்பார்களோ மாட்டார்களோ, சொன்னாய் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பஸ் ஏறாதே, அம்மா எள்ளுருண்டை அனுப்புகிறாள். நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு, கோபத்தில் எழுதினாலும் அதில் எனக்கு மாற்றுப் பேச்சு கிடையாது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு வருவதாக எழுதியிருந்தாய், மறக்காமல் வா. வந்தால் நேரே வீட்டுக்கு வர வேண்டாம், வாடிப்பட்டியில் இறங்கி முனியாயியைப் பார்த்துவிட்டு வா. அவள் உன்னைத் திட்ட மாட்டாள், "பாப்பாவை ஒண்ணும் சொல்லாதீக அண்ணே, பொட்டு வச்ச என் கைதான் வெளங்காத கை" என்று என்னிடமே கெஞ்சுகிறாள். இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு அவள் வீட்டில் எதற்கும் பொட்டு வைக்கவில்லை. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. பொட்டு வைத்தது தப்பில்லை என்று நீ உன் வாயால் சொன்னால்தான் அவள் நம்புவாள்.

இப்படிக்கு,
கண்டவனும் உன் அப்பனுமான
சங்கிலி