காற்றில்லாத மைதானத்தில் உன் மகன்

மைதானத்து வேலியோரம் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து நின்று, பிந்தி வந்தால் வாய்க்கு வந்தபடி ஏசுகிற என் பிரகாசம் மச்சானே,

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. உன் நினைவுத் திருப்பலிக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகத்தில் நானும் ஒரு பக்கம் சொல்லவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கு எழுத்து இல்லை என்பது உனக்குத் தெரிந்ததுதானே. நான் சொல்கிறேன், உன் தங்கை திரேசம்மா எழுதுகிறாள். "சுருக்கமாச் சொல்லுங்கோ, கை நோகுது" என்று இப்போதே தொடங்கிவிட்டாள்.

நீ நல்ல வாத்தியார், நல்ல கோச், நல்ல தகப்பன் என்று மற்றவர்கள் எழுதுவார்கள். அவர்கள் எழுதட்டும். நான் கல்லூரி உதைபந்தாட்டத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நாம் இரண்டுபேரும் வேறு எதைக் கதைத்திருக்கிறோம்?

மச்சான், எங்கள் கல்லூரி இந்த வருடம் ஐந்து ஆட்டம் ஆடி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. தோற்றதைச் சொல்லவில்லை. தோல்வி பார்த்துத்தானே நாம் கிழவர்களானோம்? ஆனால் இதைப் பார்த்துக்கொண்டு நிற்க உடம்பு அலுத்துப்போகிறது. பின்னால் நிற்கிறவன் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தட்டுவான். அவன் திருப்பி இவனுக்குத் தட்டுவான். பிறகு கோல் கீப்பருக்கு ஒரு பாஸ். முன்னுக்கு நிற்கிற பிள்ளைகள் இரண்டுபேரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிற்பார்கள். முதல் பாதி இப்படியே போய்விடும். இரண்டாம் பாதி வந்தால் வேறு கூத்து. காலில் பட்டதையெல்லாம் வானத்துக்கு அடிப்பார்கள். அது நேரே போய் எதிர்ப்பக்கத்துக் கீப்பரின் நெஞ்சில் விழும், இல்லாவிட்டால் மதிலுக்கு வெளியே ரோட்டில் விழும்.

வேலியோரத்து வாய்களை உனக்குத் தெரியும். "பந்தை முட்டையெண்டு நினைச்சு அடைகாக்கிறாங்கள்" என்றான் ஒருவன். "இல்லையடா, இன்னும் இருவத்தொரு நாள் ஆகேல்ல, பொறு" என்றான் மற்றவன். நானும் சிரித்தேன். பிறகு எல்லோரும் சேர்ந்து "கோச்சை மாத்து! கோச்சை மாத்து!" என்று கத்தினார்கள். அப்போது என்னால் சிரிக்க முடியவில்லை.

கோச் யாரென்று உனக்குச் சொல்லவேண்டுமா? உன் மகன் றெஜிதான். நீ கண்ணை மூடிய அடுத்த வருடம், கொழும்பில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து கல்லூரிப் பிள்ளைகளைப் பொறுப்பெடுத்தான். கோட்டுக்கு வெளியே, உன்னைப்போலவே கையைக் கட்டிக்கொண்டு, உன்னைப்போலவே ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறான். அவர்கள் கத்தும்போது திரும்பிப் பார்க்கமாட்டான். ஆனால் கழுத்து சிவந்துபோகும். நான் பின்னால் நிற்பதால் எனக்கு அது தெரியும்.

ஐந்தாவது ஆட்டம் முடிந்து இரண்டு நாளில் அல்போன்ஸ் வீட்டுக்கு வந்தான். உன்னுடைய டீமில் வலப்பக்க விங்கில் ஓடிய அதே அல்போன்ஸ். இப்போது பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளர். கையில் ஒரு மகஜர். கோச்சை நீக்கச் சொல்லி அதிபருக்கு எழுதியது.

"அண்ணை, எல்லாரும் கையெழுத்து வைச்சாச்சு. மேல ஒரு இடம் விட்டிருக்கிறன். அது உங்கட கைநாட்டுக்கு."

"எனக்கேன் மேல?"

"நீங்கள் அவன்ர மாமா. சொந்தக்காரரே சொல்லீட்டார் எண்டால் அதிபர் மறுகதை கதைக்கமாட்டார்."

குசினிக்குள் இருந்து உன் தங்கை வந்தாள். மீன் வெட்டிய கையைக்கூடக் கழுவவில்லை. "அல்போன்ஸ், அவர் அதில கைநாட்டு வைச்சால் பிறகு அந்தக் கையால என்ர சோத்தைத் தொடத் தேவையில்லை. அது கிடக்கட்டும், திறந்த கோலுக்கு முன்னால நிண்டு நீ வெளியால அடிச்சதுகளை நான் ஒண்டொண்டாச் சொல்லட்டோ?"

"அக்கா, அது நாப்பது வருசத்துக்கு முந்தி."

"எனக்கு நேற்று மாதிரி இருக்கு."

அல்போன்ஸ் சிரித்துக்கொண்டு மகஜரைச் சுருட்டினான். ஞாயிறு பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் கூட்டம், அங்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

உன்னிடம் ஒளிக்கமாட்டேன், மச்சான். எனக்கு வைக்கத்தான் மனம் இருந்தது. உன் மகன்மேல் கோபமில்லை. அலுப்பு. இந்த வயதில் வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் நின்று அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தால், வெறும் வலையை இழுத்துக்கொண்டு வந்தவன் மாதிரி இருக்கிறது. ஆனாலும் அவன் முகத்தைப் பாராமல் வைக்கக்கூடாது என்று நினைத்து, அடுத்தநாள் பின்னேரம் அவன் இருக்கிற கீரிக் கிராமத்துக்கு நடந்து போனேன்.

றெஜி கதிரை எடுத்துப் போட்டான். தேத்தண்ணி தந்தான். மகஜர் சங்கதி அவனுக்குத் தெரியும். "நீங்களும் வைக்கப்போறியளோ, மாமா?" என்று கேட்டான். "ஏன் தம்பி இப்பிடி விளையாட விடுறாய்?" என்று கேட்டேன்.

அவன் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து உன்னுடைய பழைய குறிப்புக் கொப்பியைக் கொண்டுவந்தான். "இது நான் நினைச்சுச் செய்யிறதில்லை, மாமா. அப்பான்ர ஆட்டம்" என்று சொல்லி வாசித்தான். "முதல் பாதி பொறு. பந்தைக் காலில் வை, உயர்த்தாதே. இரண்டாம் பாதி தூக்கி அடி, ஓடு." அதற்குக் கீழே நீ இரண்டு கோடு இழுத்திருக்கிறாயாம்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அவன் முதல் வரியை முடிக்க முன்னமே மிச்சம் எனக்குத் தெரிந்துவிட்டது. அது என்னுடைய வாயில் இருந்து வந்த வார்த்தை, மச்சான்.

உனக்கு ஞாபகம் இருக்கும். கடலோரத்துப் பழைய மைதானம். யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரியோடு இறுதி ஆட்டம். தென்மேற்கால் சோளகக் காற்று அடிக்கிற மாதம். அன்று தெற்குக் கரையில் காற்றுக் குணம் சரியில்லை என்று நான் மத்தியானத்துக்கு முன்னமே வள்ளத்தைக் கரைக்கு ஏற்றிவிட்டு, இடுப்பில் கட்டின உப்புச் சாரத்தோடு மைதானத்துக்கு வந்தேன். நாணயம் சுண்டப் போகிற நேரம் உன்னை ஒருபக்கம் கூப்பிட்டுச் சொன்னேன். "மச்சான், நாலு மணிக்குப் பிறகு சோளகம் இன்னும் தடிக்கும். முதல் பாதி காத்துக்கு எதிரா நில். பந்தைக் காலில வைச்சுப் பொறு. ரெண்டாம் பாதி காத்து உன்ர பக்கம். தூக்கி அடி."

"கணக்குப் பிழைச்சா?" என்றாய்.

"பிழைச்சா நான் இந்த ஊரில இருக்கமாட்டன்."

கணக்குப் பிழைக்கவில்லை. இரண்டாம் பாதியில் அவர்களுடைய கீப்பர் உதைத்த பந்து மேலே ஏறி, அங்கேயே நின்று யோசித்து, அவன் தலைக்கு மேலால் திரும்பிப் போய்க் கோர்னர் ஆனது. அந்தக் கோர்னரில்தான் முதல் கோல். மூன்றுக்குப் பூச்சியம். உனக்கு மாலை போட்டு மைதானத்தில் இருந்து கோவில் வரைக்கும் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். "மாஸ்டர்ர மூளை, மாஸ்டர்ர மூளை" என்று ஊர் முழுக்கச் சொன்னது. நான் உன்னுடைய சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசியில் நடந்து வந்தேன். நீ மாலைக்கு மேலால் ஒருதரம் என்னைப் பார்த்தாய். நீயும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

(இந்த இடத்தில் உன் தங்கை பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "இதையும் எழுதுறதோ?" என்று கேட்டாள். எழுது என்றேன். "அண்ணன்ர நினைவுப் புத்தகத்திலயோ?" அதில்தான் என்றேன். பேனையைத் திரும்ப எடுத்து எழுதினாள்.)

கேட்கவில்லை என்பதற்காக எனக்கு நோகவில்லை என்று நினைக்காதே. நொந்தது. படித்தவன் வாயில் வந்தால் அது மூளை, கடலால் வந்தவன் வாயில் வந்தால் அது கதை. உன் வீட்டில் எத்தனை தரம் சாப்பிட்டிருப்பேன், எத்தனை தரம் அந்தப் பேச்சு வந்திருக்கும். ஒவ்வொரு தரமும் நீ வேறு பக்கம் பார்ப்பாய். நான் மீன்குழம்பைப் புகழ்வேன். நாற்பது வருடம் அப்படியே போயிற்று.

ஆனால் றெஜி வாசித்தபோது எனக்கு நோவு வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அந்த மைதானத்தில் இப்போது வீடுகள். நாங்கள் யுத்தத்தில் இடம்பெயர்ந்து மடு மாதா கோவிலில் கிடந்து திரும்பி வந்தபிறகு கட்டிய புது மைதானத்தைச் சுற்றி மதில். மேற்கே உயரமான பார்வையாளர் மண்டபம். கோல் கம்பங்களும் காற்றுக்குக் குறுக்கே. சோளகம் மண்டபத்தில் மோதி அங்கேயே செத்துப்போகும். கல்லூரிக் கொடி ஈரத்துணி மாதிரித் தொங்கும். காற்றைப் பார்த்தே சீவித்தவன் நான். ஐந்து ஆட்டம் அந்த வேலியில் நின்று பிள்ளைகளை ஏசினேன். ஒருதரம்கூட நிமிர்ந்து கொடியைப் பார்க்கவில்லை.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்ப அப்பா பொய்யோ எழுதி வைச்சவர்?"

"பொய்யில்லை. அண்டைக்கு அது சரி. காத்து இருந்தது."

"உங்கட பேரை ஏன் எழுதேல்ல?"

"அதை நானே அவனிட்டக் கேக்கேல்ல. நீ என்னட்டக் கேக்காத."

"இப்ப நான் என்னத்தைச் செய்யிறது, மாமா?" என்றான். எனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது காற்று ஒன்றுதான். அங்கே அதுவும் இல்லை. அதையேதான் அவனுக்கும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைய ஆட்கள். றெஜி பின்கதவோரம் நின்றான். அல்போன்ஸ் மகஜரை விரித்து, மைப் பெட்டியையும் பக்கத்தில் வைத்து, "சவிரிமுத்து அண்ணை, மேல உங்கட இடம் கிடக்கு, வாங்கோ" என்றான். நான் எழும்பி, கைநாட்டு வைக்கமாட்டேன் என்றேன். உங்களுக்கு அலுப்புத் தருகிற இந்த ஆட்டம் என்னுடையது, மாஸ்டருக்கு நான் சொன்னது, மகன் அதைத் தகப்பனுடையது என்று நம்பிப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று சொன்னேன்.

அல்போன்ஸ் கேட்டான், "அண்ணை, இவ்வளவு வருசத்துக்குப் பிறகு மாஸ்டர்ர கோப்பையில பங்கு கேக்கிறியளோ?"

எனக்குச் சுருக்கென்றது. அவன் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. "கோப்பை மாஸ்டர்ரதான். அது அங்கயே இருக்கட்டும். இந்த அஞ்சு ஆட்டத்தையும் என்ர கணக்கில போடு" என்றேன்.

"அப்ப கோச்சை விட்டுட்டு அண்ணையை நீக்குவம்" என்று பின்னுக்கிருந்து ஒருவன் சொன்னான். மண்டபமே சிரித்தது. றெஜிகூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் மகஜரைச் சுருட்டி, இன்னும் இரண்டு ஆட்டம் பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். அவ்வளவுதான் என்னால் வாங்கிக்கொடுக்க முடிந்தது.

மச்சான், நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? எழும்பி, "ஓம், அவன் சொன்னது சரி" என்று சொல்லியிருப்பாயா? நான் உன்னிடமிருந்து எதையாவது எடுத்துவிட்டேனா? எத்தனை நாள் இதை யோசித்துவிட்டேன், ஒரு முடிவுக்கும் வரமுடியவில்லை.

அந்த இரண்டில் ஒரு ஆட்டம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் தொடக்கத்திலேயே முன்னுக்கு ஓடினார்கள். இடப்பக்கத்தால் ஒருவன் நிலத்தோடு நிலமாய்க் கொண்டுபோய்க் குறுக்கே தட்ட, மற்றவன் ஓடிவந்து அடித்தான். வலை அசைந்ததைப் பார்த்து நான் பக்கத்தில் நின்றவனைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவன் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் முன்னுக்கு ஓடினால் பின்னுக்கு யார் நிற்பது? திருப்பி மூன்று வாங்கினோம். "இதுக்கு அடைகாத்ததே நல்லம்" என்று அதே வாய்கள் சொல்லின. அவர்களைத் திருப்திப்படுத்த உன்னாலும் முடியவில்லைத்தானே.

ஆட்டம் முடிந்து எல்லோரும் வெளியே வந்தபிறகு உன் மகனைத் தேடினேன். காணவில்லை. ஒருவருடைய கண்ணிலும் படாமல், பின்மதில் ஓரத்துச் சின்னக் கதவால் இறங்கி, வெளிப்பக்கம் மணலுக்குள்ளால் தனியாய்ப் போய்க்கொண்டிருந்தான். நான் கூப்பிட்டேன், கேட்கவில்லை. என்னுடைய முழங்காலுக்கு அந்த மணலில் அவனைப் பிடிக்க ஏலாது.

வருகிற வெள்ளி கடைசி ஆட்டம். யாழ்ப்பாணத்து அதே கல்லூரிதான். இது அச்சாகி எல்லோருடைய கையிலும் வரும்போது முடிவு தெரிந்திருக்கும். எனக்கு இப்போது தெரியாது. வெல்லுவார்கள் என்று உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மகஜர் திரும்ப விரியலாம்.

ஆனால் இதை உனக்குச் சத்தியமாய்ச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை நான் வேலியோரம் நிற்கமாட்டேன். கோட்டுக்கு வெளியே பிள்ளைகள் இருக்கிற நீட்டு மர வாங்கிலில் போய்க் குந்துவேன். விடமாட்டோம் என்றால் சண்டை பிடிப்பேன். ஆட்டம் முடிந்ததும், கோல் எத்தனையாக இருந்தாலும், உன் மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு பெரிய வாசல் கேற்றால், எல்லோருக்கும் முன்னால், கீரி வரைக்கும் நடப்பேன். முழங்கால் நொந்தால் நிற்போம், பிறகு நடப்போம். ஏசுகிறவர்கள் இரண்டுபேரையும் சேர்த்து ஏசட்டும்.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன் மகனுக்கு மாமன்,
உன் மச்சான் சவிரிமுத்து