வின்ஸ் டாரக் குதித்தாரா?

பஃபலோ,
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி நார்பர்ட்டுக்கு,

இங்கே நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் 'சுகம்' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு மறுபடி மௌனமாகிவிடுவாய். போனையும் நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய டிக்கெட்டுகளில் நானும் உன் மகள் ஆட்ரியும் பாடகர் வின்ஸ் டாரக்கின் கச்சேரிக்குப் போய்வந்தோம். உனக்கும் அவளுக்குமாக நீ ஆசையாக வாங்கியவை. ஆஸ்பத்திரியில் உன் ஒரு காலை எடுத்த பிறகு, "நான் வரலை, நீங்க போங்க. வின்ஸ் இன்னும் டிரம் மேடையிலேருந்து குதிக்கிறாரான்னு மட்டும் எழுது" என்று ஒரு துண்டுச் சீட்டோடு அனுப்பிவைத்தாய். மே மாதம் மார்கஸோடு நடக்கும் அவள் கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்று அவளுக்கே எழுதியிருக்கிறாய். "எல்லாரும் நிக்கிற எடத்துல நான் மட்டும் சக்கர நாற்காலியில உக்காந்திருக்கணுமா? கல்யாண விருந்துல அப்பா மகளோட ஆடுற டான்ஸை மார்கஸோட அப்பா ஆடட்டும்" என்று. ஆட்ரி அதை என்னிடம் காட்டினாள்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஆனால் காலமெல்லாம் கரும்பலகையில் கணக்குப் போட்டவள் நான். வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுத எனக்கு வராது.

வண்டி நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு பனி. அதிலும் உன் வயதுக்காரர்கள் அடுப்பு மூட்டிச் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கனத்த கோட்டுக்கு மேலேயே வின்ஸ் படம் போட்ட பழைய பனியனை இழுத்து மாட்டியிருந்தார்கள். ஒரு வழுக்கைத் தலைக்காரர் பியரை நீட்டி, "டீச்சர், என்னைத் தெரியலையா? உங்க அஞ்சாம் வகுப்பு!" என்றார். ஏழெட்டு எத்தனை என்று கேட்டேன். பியரை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

எங்கள் இடம் கீழ்த்தளத்தில். ஐஸ் ஹாக்கி ஆடும் பனித்தரையின்மேல் பலகை போட்டு நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். செருப்புக் கடையிலேயே விலை கூடிய பூட்ஸ் போட்டிருந்தும் குளிர் பாதத்தில் ஏறியது. வின்ஸ் வந்ததும் அத்தனை பேரும் எழுந்தார்கள், அப்புறம் உட்காரவே இல்லை. எனக்கு முன்னால் கதவு மாதிரி ஒரு நெட்டை மனிதர். பாட்டுக் கேட்டது, பாடியவர் தெரியவில்லை. என் பக்கத்துப் பெண்மணி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினாள்:

"யோவ் ஒட்டகச்சிவிங்கி, உக்காருய்யா! உன் முதுகைப் பாக்கவா டிக்கெட் வாங்கினேன்?"

அவர் திரும்பாமலே சொன்னார்: "உக்காந்து கேக்கணும்னா வீட்ல ரேடியோ இருக்கே அக்கா! அந்த மனுஷனே நிக்கிறாரு, நான் உக்காரவா?"

அவள் விடுகிறவளா? "அவருக்கு அது வேலை. உனக்கு என்ன வந்துச்சு?"

குரல் இறங்கியிருக்கிறது, தம்பி. உச்சஸ்தாயி வரிகள் வந்தபோது மைக்கை எங்கள் பக்கம் நீட்டிவிட்டார், நாங்கள் பாடினோம். பாதிக் கச்சேரியில் நெட்டையரின் தோளோரமாக எட்டிப் பார்த்தேன்: வின்ஸ் டிரம் வைத்திருக்கும் உயரமான மேடையருகே நடந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் அந்த மேடையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்து வந்தார். ஆள் ஒருவர் சமையலறை நாற்காலி போன்ற ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"இந்த இடுப்பு மூட்டு புதுசா மாத்தினது. டாக்டர் இன்னும் கேரண்டி எழுதித் தரலை. நான் கொஞ்சம் உக்காந்துக்கிறேன்" என்றார்.

எங்கோ மேலிருந்து ஒருவன், "குதிங்க வின்ஸ்!" என்று கூவினான்.

"குதிக்கிறேன். நீ கீழ வந்து பொறுக்கிக்கிறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. நம் ஊரில் அவரை உட்கார்ந்த நிலையில் யாரும் பார்த்ததில்லை அல்லவா? அவர் தலையைக் குனிந்து 'ஏரிக்கரை விளக்கு' பாட ஆரம்பித்தார். ஆட்ரி குழந்தையாக உன் பாதங்களின்மேல் ஏறி நின்று சமையலறையில் ஆடுவாளே, அந்தப் பாட்டு.

முதல் வரி முடியவில்லை. எங்கள் நெட்டையர் தொப்பியைக் கழற்றினார், உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்திலிருந்தவர், பிறகு அந்த வரிசை, அடுத்த வரிசை. பலகையின்மேல் நாற்காலிகள் கிறீச்சிடும் ஓசை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. யாரும் சொல்லவில்லை, யாரும் கை காட்டவில்லை. அப்போதுதான் வின்ஸின் முகத்தை நான் முழுதாகப் பார்த்தேன். அவரும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். ஒரு வரியைப் பாடாமல் விட்டுவிட்டார், மறந்ததால் அல்ல என்று நினைக்கிறேன்.

ஆகவே விடை: குதிக்கவில்லை.

ஒரு குளிர்காலத்தில் எனக்குத் தொண்டை கட்டி, வகுப்பில் கிசுகிசுப்பாகத்தான் பேச முடிந்தது. பிள்ளைகளும் அன்று முழுக்கக் கிசுகிசுத்தார்கள். சாப்பாட்டு வேளையில்கூட. கேலி செய்கிறார்களோ என்று முதலில் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது, என்னைத் தனியாக விட அவர்களுக்கு மனமில்லை.

பாட்டு முடிந்தபோது ஆட்ரி என் கையைப் பிடித்திருந்தாள். "அத்தை, ரெண்டு நாற்காலி போட்டா போதும்ல?" என்றாள். உங்கள் டான்ஸைத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. பிறகு காரில், "மார்கஸோட அப்பா நல்லாத்தான் ஆடுவாரு. ஆனா அவரு என் அப்பா இல்லையே" என்றாள்.

மற்றபடி செய்திகள்: மார்கஸும் அவன் அண்ணனும் கல்யாணம் நடக்கும் தேவாலயத்தின் முன்வாசல் படிகளில் உன் நாற்காலி ஏற மரச் சரிவுப் பாதை செய்கிறார்கள். சமையல்கட்டை ஒட்டிய பக்கவாசலில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்றேன். "அப்பா சமையல்கட்டு வழியா வரணுமா?" என்று ஆட்ரி என்னிடம் சண்டைக்கு வந்தாள். என் வீட்டு ஹீட்டர் மறுபடி இருமுகிறது. கீழ் அறையில் உனக்குப் படுக்கை போட்டாயிற்று.

உன் உடம்புக்குத் தெம்பும் மனசுக்கு இளக்கமும் வர தினமும் ஜெபிக்கிறேன். இனி அவள் உன் பாதங்களில் ஏறி நிற்கப்போவதில்லை, நார்பர்ட். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் தலை உன் தோளுக்குச் சரியாக எட்டும். வந்துவிடு.

உன் அக்கா,
லொரெய்ன்