முனியாண்டி சுற்றும் நேரம்

ஞாயிறு, இரவு.

நேற்று பிரிஞ்சாங் மலையூருக்கு மேலே தேயிலைக் காட்டோரம் கூடாரம் போட்டோம். பிள்ளைகளுக்கு இதுதான் முதல் கேம்பிங். இருட்டிய பிறகும் மகள் யாழினி வெளியே ஓடிக்கொண்டே இருந்தாள். ஐந்து வயது. சரிவில் உருண்டுவிடுவாளோ என்று பயந்தேன். சின்ன வயதில் தோட்டத்து லயத்து வீட்டில் எங்களை அடக்க என் அப்பா சொன்னதையே நானும் சொன்னேன்.

“முனியாண்டி சாமி இப்ப காவலுக்குச் சுத்துவாரு. வெளிய போனா புடிச்சிக்குவாரு லா.”

அதோடு அடங்கிவிட்டாள். எனக்குப் பெருமை வேறு.

காலையில் அவள் படுக்கை நனைந்திருந்தது. அவள் தம்பி முன்னாலேயே திட்டினேன். “இவ்ளோ பெரிய புள்ள, வெளிய போகணும்னு அப்பாவ எழுப்பக்கூடாதா?”

“சாமி போவட்டும்னு காத்திருந்தேன்பா. அவரு போகவே இல்ல.”

அந்தக் குளிரில், ஈரத்திலேயே விடியும்வரை கிடந்திருக்கிறாள். நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

இன்று வீட்டில் தூங்கவைக்கும்போது, அது நான் சும்மா சொன்னது, சாமி யாரையும் பிடிக்கமாட்டார் என்று ஒப்புக்கொண்டேன். சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

“மெதுவா பேசுங்கப்பா. சாமிக்குக் கேட்டா உங்களப் புடிச்சிக்குவாரு.”